பிளஸ் 2 மதிப்பெண்ணை வாசலோடு நிறுத்தலாமா?

உயிரியலில் பாதி, இயற்பியலில் கால், வேதியியலில் கால். மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான நீட் வருவதற்கு முன்பு, கடலூர் மாவட்டத்தில் பிளஸ் 2 உயிரியல் பிரிவில் படிக்கும் பிள்ளை இருந்த எல்லா வீடுகளிலும் இந்தக் கணக்கு தெரியும். தேர்வு முடிவு வந்த காலையில், கிடைத்த தாளின் பின்பக்கத்தில் மூன்று எண்களை எழுதி, வகுத்து, கூட்டி, இருநூறுக்கு எவ்வளவு என்று பார்ப்பார்கள். அதுதான் கட் ஆஃப். அரை மதிப்பெண், கால் மதிப்பெண் குறைந்தாலும் கலந்தாய்வுப் பட்டியல் வரும்வரை அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது.

2017-ல் அந்தக் கணக்கு செல்லாமல் போனது. கடலூர் மாவட்டத்தை அடுத்து, வெள்ளாற்றுக்குத் தெற்கே இருக்கிறது அரியலூர் மாவட்டத்தின் குழுமூர். அந்த ஊரைச் சேர்ந்த, மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகளான அனிதா, பிளஸ் 2 தேர்வில் 1,200-க்கு 1,176 வாங்கினார். உயிரியல் 194, இயற்பியல் 200, வேதியியல் 199. பாதி, கால், கால் போட்டால் 97, 50, 49.75. கூட்டினால் 196.75. முந்தைய ஆண்டாக இருந்திருந்தால் அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்று நம்பக்கூடிய எண் அது. அதே மாணவி நீட் தேர்வில் 720-க்கு எடுத்தது 86. உச்ச நீதிமன்றம் வரை சென்று வாதாடிய அவரை, அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று தமிழ்நாடு இழந்தது.

ஒரு பக்கம் நூற்றுக்கு 98. இன்னொரு பக்கம் நூற்றுக்கு 12. ஒரே மாணவி, ஒரே ஆண்டு, ஒரே பாடங்கள். இதில் எது உண்மையான அனிதா என்று அன்று தொலைக்காட்சிகளில் கேட்டார்கள். இரண்டு எண்களும் உண்மைதான்; அவை அளந்தவைதான் வேறு வேறு. அதில் ஒன்றை முழுவதுமாகத் தூக்கி எறிந்துவிட்டு இன்னொன்றை மட்டும் வைத்து மருத்துவரைத் தேர்ந்தெடுப்பது தவறு. நீட் விவாதத்தில் கட்சிகளின் குரல்களுக்கு நடுவே அமுங்கிப்போன செய்தி இது.

பியூரெட்டும் ஒரு நிமிடமும்

பிளஸ் 2 மதிப்பெண் எதை அளக்கிறது? புவனகிரியிலோ காட்டுமன்னார்கோவிலிலோ ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில், செய்முறைத் தேர்வு நாளன்று நின்று பார்த்தால் தெரியும். கூம்புக் குடுவையில் சூடாக்கிய ஆக்ஸாலிக் அமிலம். மேலே பியூரெட்டில் ஊதா நிறத்தில் பொட்டாசியம் பெர்மாங்கனேட். மாணவியின் இடது கை திருகியில், வலது கை குடுவையின் கழுத்தில். துளி விழுகிறது, நிறம் மறைகிறது; இன்னொரு துளி, மீண்டும் மறைகிறது. மறையாமல் நிற்கும் முதல் இளஞ்சிவப்பில் கையை நிறுத்த வேண்டும். ஒரு துளி கூடினாலும் அளவு தப்பிவிடும். மறுபடி கழுவி, மறுபடி நிரப்பி, அளவு ஒத்துவரும்வரை செய்ய வேண்டும். பொறுமை, கை நிதானம், பார்த்ததைப் பார்த்தபடி எழுதும் நேர்மை ஆகிய மூன்றும் அங்கே பழகுகின்றன. இப்போதைய நூறு மதிப்பெண்ணில் செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10, எழுத்துத் தேர்வுக்கு 70. எழுத்துத் தேர்விலும் படம் வரைந்து பாகம் குறிக்க வேண்டும். காரணம் சொல்லிப் பத்தி பத்தியாக விளக்க வேண்டும்.

நீட் தாளில் 180 கேள்விகள், 180 நிமிடங்கள். கேள்விக்கு ஒரு நிமிடம். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண். தவறான விடைக்கு ஒன்று போய்விடும். இதற்கு வேகம் வேண்டும். தெரியாத கேள்வியை விட்டுத் தாண்டும் பழக்கம் வேண்டும். ஒரே வகைக் கேள்வியை ஆயிரம் முறை போட்டுப் பார்த்திருக்க வேண்டும். 11, 12 ஆகிய இரு வகுப்புப் பாடங்களும் கருத்தளவில் தெளிவாக இருக்கின்றனவா என்பதையும் இந்தத் தேர்வு சோதிக்கிறது. அதை மறுப்பதற்கில்லை.

ஒன்று இரண்டு ஆண்டு உழைப்பின் கணக்கு. மற்றது ஒரு மே மாதப் பிற்பகலின் கணக்கு. நோயாளியின் பக்கத்தில் நிற்கப்போகிறவருக்கு இரண்டும் வேண்டும். இன்றைய விதியோ, பிளஸ் 2-வில் இயற்பியல், வேதியியல், உயிரியலில் சேர்த்து 50 சதவீதம், இட ஒதுக்கீட்டுப் பிரிவினர் என்றால் 40 சதவீதம் இருந்தால் போதும் என்கிறது. அதைத் தாண்டிவிட்டால் 51 எடுத்தவரும் 99 எடுத்தவரும் ஒன்றுதான். தரவரிசையைத் தீர்மானிப்பது நீட் மட்டுமே.

பழைய முறையிலும் ஓட்டை இருந்தது

பிளஸ் 2 மதிப்பெண்ணை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுத்த காலத்தைப் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. தமிழ்நாட்டில் 1984-ல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. அப்போது பள்ளி மதிப்பெண்ணுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100 என்று இரண்டையும் சேர்த்து 300-க்குக் கணக்கிட்டார்கள். நுழைவுத் தேர்வு கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தடையாக இருக்கிறது என்ற குறை தொடர்ந்து எழுந்தது. அனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரைக்குப் பிறகு 2007-ல் அது சட்டப்படி நீக்கப்பட்டது. அடுத்த பத்து ஆண்டுகள் பள்ளி மதிப்பெண்ணின் ஆட்சி.

அந்தப் பத்து ஆண்டுகளில் நாமக்கல் பக்கத்து உறைவிடப் பள்ளிகள் எப்படி வளர்ந்தன என்பதைக் கடலூர் மாவட்டப் பெற்றோர் அறிவார்கள். பத்தாம் வகுப்பு முடிந்ததும் நகையை அடகு வைத்துப் பிள்ளையை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் பலர். அத்தகைய பல பள்ளிகளில் 11-ம் வகுப்புப் புத்தகத்தையே திறக்காமல், இரண்டு ஆண்டும் 12-ம் வகுப்புப் பாடத்தை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். 11-ம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்ததே 2017-18 கல்வியாண்டில்தான். பள்ளி மதிப்பெண்ணே எல்லாம் என்றிருந்த நாட்களிலும் மருத்துவ இடம் பெற்ற அரசுப் பள்ளி மாணவர்கள் மிகச் சொற்பம். ஒரே ஓர் அளவுகோல் வைத்தால், அந்த அளவுகோலுக்கு ஏற்பப் பிள்ளைகளை வார்த்துத் தரும் ஆலைகள் எழுந்துவிடும் என்பதை அப்போதே பார்த்தாயிற்று.

நீட் வந்த பிறகு ஆலையின் பெயர்ப் பலகைதான் மாறியது. 2021-ல் நீதிபதி ஏ.கே.ராஜன் குழு அரசிடம் கொடுத்த அறிக்கையில் இரண்டு எண்கள் போதும் நிலைமையை உணர. நீட்டுக்கு முந்தைய 2016-17-ல் மருத்துவப் படிப்பில் சேர்ந்தவர்களில் தமிழ்வழி மாணவர்கள் ஏறத்தாழ 15 சதவீதம். 2020-21-ல் அது 2 சதவீதம். பிளஸ் 2 முடித்த ஆண்டிலேயே சேராமல், மீண்டும் தேர்வெழுதிச் சேர்ந்தவர்கள் 2016-17-ல் 12.5 சதவீதம் அளவில் இருந்தார்கள். 2020-21-ல் 71 சதவீதத்தைத் தாண்டினார்கள்.

இந்த இரண்டாவது எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முதல் முறை நீட் எழுதி 300 எடுத்த ஒரு மாணவர், ஓராண்டு கழித்து 550 எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிளஸ் 2 மதிப்பெண் அதேதான். இடையில் கூடியது என்ன? வேறு வேலை பார்க்காமல் வீட்டில் இருக்க முடிந்த ஓர் ஆண்டு. பயிற்சி மையத்துக்குக் கட்ட முடிந்த பணம். நூறு மாதிரித் தேர்வுகள். அந்த உழைப்பு உண்மையானது, மதிக்கத்தக்கது. ஆனால் கிள்ளையில் மீன்பிடித் தொழிலாளியின் வீட்டிலும், திட்டக்குடிப் பக்கம் மானாவாரி நிலத்தை நம்பியிருக்கும் வீட்டிலும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அப்படி ஓர் ஆண்டை எடுத்துக் கொடுக்க யாரால் முடியும்? அந்த வீட்டுப் பெண் பிள்ளைக்கு என்றால் இன்னும் கடினம். ஓராண்டு சும்மா இருக்கிறாள் என்று சொல்லிக் கல்யாணப் பேச்சைத் தொடங்கிவிடுவார்கள்.

தமிழ்வழி மாணவருக்குத் தமிழில் வினாத்தாள் உண்டு என்பது பதிலாகச் சொல்லப்படுகிறது. 2018-ல் அந்தத் தமிழ்த் தாளில் 49 கேள்விகள் பிழையாக மொழிபெயர்க்கப்பட்டிருந்தன என்று வழக்குத் தொடரப்பட்டது. கேள்விக்கு நான்கு வீதம் 196 கருணை மதிப்பெண் தர உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

தகுதி என்ற சொல்

நீட்டை ஆதரிப்பவர்கள் அடிக்கடி சொல்லும் சொல் ‘தகுதி’. 2017-ல் பொதுப்பிரிவுக்கான தகுதி மதிப்பெண் 720-க்கு 131. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 107. நூற்றுக்குப் பதினெட்டு, பதினைந்து என்ற கணக்கு. தேர்வு எழுதியவர்களை வரிசைப்படுத்தி, அதில் குறிப்பிட்ட இடத்துக்கு மேல் இருப்பவர் தகுதியானவர் என்பதே விதி. எத்தனை கேள்விக்குச் சரியாக விடை எழுதினார் என்பது விதியில் இல்லை. 131 எடுத்தவர் பல லட்சம் கட்ட முடிந்தால் தனியார் கல்லூரியிலோ நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலோ இடம் தேடலாம். 400 எடுத்த ஏழை மாணவி அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்காவிட்டால் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். 2023-ல் முதுநிலை மருத்துவ இடங்கள் காலியாகக் கிடந்தபோது, தகுதிக்கான வரம்பை மத்திய அரசே பூஜ்யம் பெர்சன்டைல் வரை இறக்கியது.

தேர்வு மதிப்பெண்ணும் ஆண்டுக்கு ஆண்டு ஒரே பொருள் தருவதில்லை. 2024 ஜூன் 4 அன்று முடிவு வந்தபோது 67 பேர் 720-க்கு 720 பெற்றிருந்தார்கள். கருணை மதிப்பெண் ரத்து, விடைத் திருத்தம் ஆகியவற்றுக்குப் பின் அந்த எண்ணிக்கை 17 ஆனது. பாட்னாவிலும் ஹசாரிபாக்கிலும் வினாத்தாள் கசிந்தது. அடுத்த ஆண்டு இயற்பியல் கடினமாக வர, நாட்டின் முதல் மதிப்பெண்ணே 686-ஆக இறங்கியது. ஓராண்டில் மாணவர்களின் அறிவு அப்படி இறங்கிவிடவில்லை.

மறுபக்கமும் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. அதே 2024-ல் குஜராத்தில் நீட் தேர்வில் 705 பெற்ற ஒருவர், மாநில வாரியத்தின் 12-ம் வகுப்புத் தேர்வில் இயற்பியலிலும் வேதியியலிலும் தோல்வி அடைந்திருந்தது செய்தியானது. நீட் மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் முன்னணிக் கல்லூரியில் இடம் பிடித்திருப்பார். அந்த முரண்பாட்டை வெளியே கொண்டுவந்தது பள்ளித் தேர்வு. இரண்டு அளவுகோல்கள் இருந்தால் ஒன்றின் கோளாறை மற்றொன்று காட்டிக் கொடுக்கும். ஒன்று மட்டும் இருந்தால் அது சொல்வதுதான் கணக்கு.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் நாடுகள்

மருத்துவ மாணவர் தேர்வில் நீண்ட அனுபவம் உள்ள நாடுகள் இந்த முடிவுக்குத்தான் வந்திருக்கின்றன. அமெரிக்காவில் கல்லூரிப் படிப்பின் சராசரி மதிப்பெண்ணையும் எம்கேட் நுழைவுத் தேர்வையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். இரண்டும் சேர்ந்து தரும் கணிப்பு, தனித்தனியாக ஒவ்வொன்றும் தருவதைவிட மேலானது என்பது அங்குள்ள மருத்துவக் கல்லூரிகள் சங்கத்தின் ஆய்வுகளில் தெரிந்த உண்மை.

ஜெர்மனியின் கதை இன்னும் நெருக்கமானது. அங்கே பள்ளி இறுதித் தேர்வான ‘அபிட்டூர்’ மதிப்பெண்ணுக்கு அளவுமீறிய இடம் கொடுக்கப்பட்டிருந்தது. 2017 டிசம்பரில் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் அந்த முறையின் சில பகுதிகள் செல்லாது என்றது. 2020 முதல் 30 சதவீத இடங்கள் பள்ளி மதிப்பெண்ணின்படி நிரப்பப்படுகின்றன. 10 சதவீத இடங்களுக்குப் பள்ளி மதிப்பெண் கணக்கில் எடுக்கப்படுவதில்லை. மற்றத் தகுதிகளே அளவுகோல். மீதி 60 சதவீதத்துக்குப் பல்கலைக்கழகங்கள் பள்ளி மதிப்பெண்ணோடு திறனறித் தேர்வு போன்றவற்றைச் சேர்த்துப் பார்க்கின்றன.

பிரிட்டனில் பன்னிரண்டு மருத்துவக் கல்லூரிகளின் மாணவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2013-ல் வெளியானது. நுழைவுத் தேர்வைவிடப் பள்ளிப் படிப்பின் சாதனையே மருத்துவப் படிப்பின் முதல் ஆண்டு வெற்றியை நன்றாக முன்னறிவித்தது என்று அது சொன்னது. சராசரி மதிப்பெண் குறைவாக உள்ள பள்ளிகளிலிருந்து வந்தவர்கள், அதே மதிப்பெண்ணோடு சிறந்த பள்ளிகளிலிருந்து வந்தவர்களைவிடக் கல்லூரியில் மேலாகச் செய்தார்கள் என்பதும் அதன் முடிவுகளில் ஒன்று. ஒரு மதிப்பெண்ணை அது எந்தப் பள்ளியில் விளைந்தது என்பதோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

வாரியத்துக்கு வாரியம் மதிப்பெண் போடும் முறை மாறுகிறதே, எப்படிச் சேர்ப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கடல் கடந்த தமிழர்களின் அனுபவம் இதில் எச்சரிக்கையும் தருகிறது, வழியும் காட்டுகிறது. 1971-ல் இலங்கையில் ‘தரப்படுத்தல்’ என்ற பெயரில், மருத்துவப் படிப்புக்குச் சிங்களவழி மாணவருக்கு 229 போதும், தமிழ்வழி மாணவருக்கு 250 வேண்டும் என்று வைத்தார்கள். அந்தக் காயம் ஒரு தலைமுறையின் அரசியலையே மாற்றியது. பிற்காலத்தில் அதே நாடு ஒவ்வொரு பாடத்தின் சராசரியோடு ஒப்பிட்டு மாணவரின் நிலையைக் கணக்கிடும் ‘இசட்’ புள்ளி முறைக்கு மாறியது. சமன்படுத்தும் கணக்கு எல்லோருக்கும் ஒன்றாகவும், எல்லோரும் சரிபார்க்கும்படி வெளிப்படையாகவும் இருக்க வேண்டும் என்பதே அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது.

இந்தியாவுக்கும் இது புதிதல்ல. 2013 முதல் 2016 வரை என்ஐடி சேர்க்கையில் ஜேஇஇ தேர்வுக்கு 60, 12-ம் வகுப்புக்கு 40 என்ற விகிதம் நடைமுறையில் இருந்தது. வெவ்வேறு வாரியங்களின் மதிப்பெண்களை பெர்சன்டைல் அடிப்படையில் சமன்படுத்தினார்கள். 2017-ல் அதைக் கைவிட்டார்கள். கணக்குப் போடும் வழி தெரியாமல் இல்லை.

அண்ணாமலை நகரில் ஒரு பாடம்

சிதம்பரத்தில் இருக்கும் கல்லூரிக்குக் கடலூரின் பெயர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக 1985-ல் தொடங்கியது, இன்று அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி. 2013-ல் பல்கலைக்கழகத்தை அரசு எடுத்துக்கொண்ட பிறகும் எம்பிபிஎஸ் கட்டணம் ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேல் இருந்தது. மற்ற அரசுக் கல்லூரிகளில் 13,610 ரூபாய். 2020 டிசம்பரில் மாணவர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். ஐம்பது நாட்களைத் தாண்டியது அது. 2021 தொடக்கத்தில் கல்லூரி சுகாதாரத் துறையின் கீழ் வந்தது, கட்டணமும் இறங்கியது. மதிப்பெண் வாசலைத் திறந்தாலும் கட்டணம் மூடிவிடும் என்பதைச் சிதம்பரம் இப்படித்தான் தெரிந்துகொண்டது.

அதே காலத்தில் வந்ததுதான் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு. நீதிபதி கலையரசன் குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, 6-ம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான இடங்கள் இவை. 2019-ல் ஆறு அரசுப் பள்ளி மாணவர்களுக்கே எம்பிபிஎஸ் இடம் கிடைத்தது என்று அரசே சொன்னது. 2020-ல் ஒதுக்கீடு வந்ததும் முந்நூறுக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். தேர்வு அதே நீட்தான், தாளும் எல்லோருக்கும் அதுவே. அரசுப் பள்ளி மாணவரின் மதிப்பெண்ணை அரசுப் பள்ளி மாணவரின் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டார்கள், அவ்வளவே. 150 இடங்கள் உள்ள ஒரு கல்லூரிக்கு இதனால் ஏறத்தாழ பத்துப் பேர் வருகிறார்கள். பரங்கிப்பேட்டையிலோ ஸ்ரீமுஷ்ணத்திலோ ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்து, அங்கு வரும் மூதாட்டியின் பேச்சையும் வீட்டு நிலவரத்தையும் புரிந்துகொண்டு மருந்து எழுதக்கூடியவர்கள் அவர்கள்.

நீட் விலக்கு மசோதா 2021 செப்டம்பரில் நிறைவேறி, ஆளுநர் திருப்பி அனுப்பி, 2022 பிப்ரவரியில் மீண்டும் நிறைவேறி, குடியரசுத் தலைவரால் நிராகரிக்கப்பட்டது என்று 2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டது. அந்தப் போராட்டம் நீதிமன்றத்திலும் மக்கள் மன்றத்திலும் தொடரட்டும். ஆனால் விலக்கு அல்லது நீட் மட்டும் என்ற இரண்டு முனைகளுக்கு நடுவே ஆண்டுதோறும் பிள்ளைகள் நிற்கிறார்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் விதியில் பள்ளி மதிப்பெண்ணுக்குக் குறைந்தது பாதி இடம் வேண்டும் என்று எல்லா மாநிலங்களையும் சேர்த்துக்கொண்டு தமிழ்நாடு கேட்க வேண்டும். 11, 12 ஆகிய இரு வகுப்பு மதிப்பெண்களும் பெர்சன்டைல் கணக்கில் சமன்படுத்தப்பட்டுச் சேர வேண்டும். 12-ம் வகுப்பு மட்டும் போதும் என்றால் பழைய மனப்பாட ஆலைகள் திரும்பிவிடும். முதல் முறை எழுதுபவரையும் மூன்றாம் முறை எழுதுபவரையும் ஒரே தட்டில் எடை போடுவதையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

மாநில அரசு யாரையும் கேட்காமல் இன்றே செய்யக்கூடிய வேலையும் ஒன்று உண்டு. 2017 முதல் சேர்ந்த ஒவ்வொரு மாணவரின் பிளஸ் 2 மதிப்பெண்ணும் நீட் மதிப்பெண்ணும் அரசின் சேர்க்கைக் கோப்பில் இருக்கின்றன. மருத்துவப் பல்கலைக்கழகத் தேர்வுகளில் அவர்கள் எடுத்தவை பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. 7.5 சதவீத ஒதுக்கீட்டின் முதல் அணி படிப்பை முடிக்கும் காலம் இது. பெயர்களை நீக்கிவிட்டு, மூன்று மதிப்பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கல்லூரி வாரியாக ஓர் அட்டவணை வெளியிட்டால் போதும். நன்றாகப் படித்தவர்களை எந்த எண் சரியாகக் காட்டியது என்று அதில் தெரிந்துவிடும். சிதம்பரம் கல்லூரியிலிருந்தே அதைத் தொடங்கலாம். அடுத்த கலந்தாய்வுக்கு முன் அது வெளிவர வேண்டும். புவனகிரி ஆய்வகத்தில் கடைசித் துளிக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மாணவி, தான் செய்யும் வேலைக்கு மருத்துவக் கல்லூரியில் என்ன மதிப்பு என்று கேட்டால், அரசு அவளுக்கு எண்ணைக் காட்டிப் பதில் சொல்ல வேண்டும்.